சிட் பயனர்களே, பக் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்

மரங்கொத்தி:
டெபியன் லினக்ஸின் அன்ஸ்டேபிள் கிளையை, அதாவது புதிய பதிப்புகள் முதலில் வந்து சேரும் சிட்டை, ஓட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்டேட் போட்டதும் திரை கறுப்பாகிவிட்டது, சத்தம் வரவில்லை என்று ஓடி வராதீர்கள். முதலில் அந்த பேக்கேஜின் (மென்பொருள் தொகுப்பின்) பக் பட்டியலை, அதாவது பதிவான பிழைகளின் பட்டியலை, திறந்து பாருங்கள். பெரும்பாலும் யாரோ முன்பே எழுதியிருப்பார்கள், தற்காலிகத் தீர்வும் கீழேயே கிடக்கும். இதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் ஸ்டேபிள் என்ற நிலையான பதிப்பு இருக்கிறது.

கடைசிவரி:
"அந்த பேக்கேஜ்" என்றால் எது? டெபியனில் பக் எல்லாம் பேக்கேஜ் வாரியாகத்தான் பதிவாகிறது. கறுப்புத் திரைக்குக் காரணம் கெர்னலா, கிராஃபிக்ஸ் லைப்ரரியான மெசாவா, டெஸ்க்டாப்பா என்று தெரிந்தவர் ஏன் உங்களிடம் வரப்போகிறார்?

மரங்கொத்தி:
பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் ஆப்ட் கருவியின் ஹிஸ்டரி லாக் எதற்கு இருக்கிறது? எந்த பேக்கேஜ் எந்தப் பதிப்பிலிருந்து எதற்குப் போனது என்று தேதியோடு எழுதி வைத்திருக்கும். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த வரிகளைத்தான்.

கடைசிவரி:
2024-ல் நேரத்தைக் குறிக்கும் டைம்_டி என்ற தரவு வகையை 64-பிட்டுக்கு மாற்றியபோது அந்த லாக்கைப் பார்த்தீர்களா? நூற்றுக்கணக்கான லைப்ரரிகள் பெயரின் வாலில் டி64 ஒட்டிக்கொண்டு வந்தன. புதிதாக வந்தவர் அதில் எதைச் சந்தேகப்படுவார்?

சும்மாஒருவன்:
ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் என்ற கருவியைப் போட்டு வைத்தால் பாதிச் சண்டை மிச்சம். கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ் என்ற கடுமையான தரங்களில் பதிவான பக் இருந்தால் இன்ஸ்டால் ஆகும் முன்பே நிறுத்திக் கேட்கும்.

கடைசிவரி:
பதிவானால்தானே கேட்கும்! எக்ஸ்ஸெட் என்ற கம்ப்ரெஷன் மென்பொருளில் திருட்டுத்தனமாக நுழைக்கப்பட்ட பின்கதவு சிட்டில் சில வாரங்கள் உட்கார்ந்திருந்தது, எந்தப் பட்டியலும் எச்சரிக்கவில்லை. தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் ஏன் மெதுவாகிறது என்று சிட் ஓட்டிய ஒருவர் நோண்டப் போய்த்தான் 2024 மார்ச் 29-ல் விஷயம் வெளியே வந்தது.

மரங்கொத்தி:
எனக்குச் சாதகமாகப் பேசுகிறீர்கள். அவர் "லாகின் ஸ்லோ, ஹெல்ப் ப்ளீஸ்" என்று எழுதவில்லை. அளந்து பார்த்து, காரணத்தைத் தோண்டி, ஆதாரத்தோடு வந்தார்.

கடைசிவரி:
அவர் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர் ஐயா. அவர் உயரத்தை வாசற்படியாக வைத்தால் உள்ளே யார் வருவார்கள்? பதிப்பு எண்ணும் பிழைச் செய்தியும் கேளுங்கள், நியாயம். பட்டியலைத் தேடாமல் வந்தால் பதில் இல்லை என்பது வெறும் திமிர்.

மரங்கொத்தி:
திமிர் இல்லை, அலுப்பு. ஒரே பக்குக்கு ஒரே பதிலை வாரம் முழுக்க எழுதிப் பாருங்கள், தெரியும். பக் பதிவு செய்யும் ரிப்போர்ட்பக் கருவிகூட பேக்கேஜ் பெயரைக் கொடுத்ததும் ஏற்கெனவே உள்ள பக்குகளைக் காட்டிவிட்டுத்தான் புதிதாக எழுத விடுகிறது.

புதுஆள்:
நடுவே வருவதற்கு மன்னிக்கவும். ஆப்ட்டில் ஃபுல்-அப்கிரேட் கொடுத்தேன், டெஸ்க்டாப்பையே நீக்கப் போவதாகச் சொல்லி 'ஒய்'யா, 'என்'னா (சரியா, வேண்டாமா) என்று கேட்கிறது. பட்டியலில் எதைத் தேடுவது என்றும் தெரியவில்லை.

மரங்கொத்தி:
'என்' கொடுங்கள். இப்போதைக்கு வெறும் அப்கிரேட் மட்டும் போடுங்கள், அது எந்த பேக்கேஜையும் நீக்காது. நீக்கப் போவதாக வந்த பெயர்களை அப்படியே இங்கே ஒட்டுங்கள், பார்க்கலாம்.