எலீட் டேஞ்சரஸ்: புது ஜாய்ஸ்டிக்கும் த்ராட்டிலும் வாங்கியாச்சு, எதை எங்கே போடுவது?

வெண்குறுமீன்

வணக்கம் மக்களே. எலீட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கப்பல் ஓட்டும் கேமை இத்தனை நாளும் கீபோர்டு, மவுஸில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் ஸ்டிக்கும், அதே செட்டில் வரும் டிடபிள்யூசிஎஸ் த்ராட்டிலும் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லிவர்) கைக்கு வந்துவிட்டன. மேசையில் வைத்து, கேமில் கன்ட்ரோல்ஸ் பக்கத்தைத் திறந்தால் பட்டியல் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

ஸ்டிக்கை இடது வலமாக அசைத்தால் கப்பல் திரும்பாமல் சாய்கிறது. மவுஸில் பழகிய எனக்கு இது தலைகீழாக இருக்கிறது, மாற்றிவிடலாமா? அப்புறம் த்ராட்டில். முழுக்கப் பின்னால் இழுத்தால் நிற்கும் என்று நினைத்தேன், ரிவர்ஸில் போகிறது. நிறுத்துவதற்கு நடுவில் ஒரு இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. த்ராட்டிலில் ஒரு குட்டி ஸ்டிக், விரல்களுக்கு ஒரு பேடில் வேறு இருக்கின்றன, இதெல்லாம் எதற்கு? ஏற்கெனவே ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் நல்லது.

தூசுவால்

வாழ்த்துகள் நண்பா, நல்ல செட். பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். இன்றைக்கு ஆக்சிஸ்களை (ஸ்டிக்கும் த்ராட்டிலும் அசையும் திசைகளை) மட்டும் சரி செய்யுங்கள், பட்டன் வேலையெல்லாம் கீபோர்டிலேயே இருக்கட்டும். ஸ்டிக்கில் 16 பட்டன், த்ராட்டிலில் 14, மொத்தம் 30 இருக்கிறது என்பதற்காக முதல் நாளே அத்தனையையும் நிரப்பினால் எதுவும் விரலில் நிற்காது. கப்பலின் அசைவு கைக்குப் பழகட்டும், எந்தப் பட்டன் எந்த விரலுக்கு வர வேண்டும் என்பது பிறகு தானாகத் தெரியும்.

கேமைத் திறக்கும் முன் விண்டோஸில் கேம் கன்ட்ரோலர்கள் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு ஆக்சிஸையும் ஓரம் முதல் ஓரம் வரை அசைத்துப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் சாதனத்தில் பிரச்சினை இல்லை, மீதி எல்லாம் செட்டிங்ஸ்தான். ஸ்டீமில் வாங்கியிருந்தால் அந்த கேமின் ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டீம் இன்புட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் புகுந்து குழப்பும். த்ரஸ்ட்மாஸ்டரின் டார்கெட் மென்பொருளும் இப்போதைக்கு வேண்டாம். அது இரண்டு சாதனத்தையும் சேர்த்து ஒரே மெய்நிகர் சாதனமாகக் காட்டும், நீங்கள் போட்ட பைண்டிங் (எந்தப் பட்டன் எந்த வேலைக்கு என்ற அமைப்பு) எதற்குச் சேர்ந்தது என்று பிறகு தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

இனி ரோல், அதாவது கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து உருள்கிற விஷயம். தயவுசெய்து மாற்றாதீர்கள். எலீட்டில் கப்பல்கள் மூக்கைத் தூக்கும் வேகத்துக்கு, அதாவது பிட்ச்சுக்கு, பக்கவாட்டில் திரும்பும் யாவ் ஈடே ஆகாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எதிரி உங்கள் வலது பக்கம் இருக்கிறான் என்று வையுங்கள். யாவ் மட்டும் கொடுத்தால் மூக்கு ஆடி அசைந்து அந்தப் பக்கம் வருவதற்குள் அவன் போய்விடுவான். அதுவே ஸ்டிக்கை வலது பக்கம் சாய்த்து, அவன் உங்கள் தலைக்கு மேலே வரும்வரை உருண்டு, ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் சட்டென்று குறிக்குள் வந்து நிற்பான். இந்த 'உருண்டு, இழு' கைக்குப் பழகிவிட்டால் மவுஸை மறந்துவிடுவீர்கள். ஆகவே ஸ்டிக்கின் இடம் வலம் ரோல், முன் பின் பிட்ச், ஸ்டிக்கைத் திருகும் ட்விஸ்ட் யாவ்.

டெட்சோன் என்று ஒன்று, அதாவது நடுவில் லேசாக அசைத்தாலும் கேம் கண்டுகொள்ளாத அளவு, ஒவ்வொரு ஆக்சிஸுக்குக் கீழேயும் இருக்கும். இந்த ஸ்டிக்கின் முன் பின், இடம் வலம் இரண்டுக்கும் காந்தத்தில் இயங்கும் ஹால் சென்சார், மிகத் துல்லியம், அங்கே டெட்சோனைப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். ட்விஸ்ட் அப்படியில்லை, அது பொடென்ஷியோமீட்டர், உரசி இயங்கும் சென்சார். அதோடு வேகமாக இழுக்கும்போது மணிக்கட்டு நம்மை அறியாமல் கொஞ்சம் திருகும். அதற்கு மட்டும் நல்ல அளவு டெட்சோன் கொடுங்கள்.

த்ராட்டிலுக்கு 'ஃபுல் ரேஞ்ச்', 'ஃபார்வர்ட் ஒன்லி' என்று இரண்டு வகை உண்டு. நீங்கள் இப்போது இருப்பது முதலாவதில். இரண்டாவதற்கு மாற்றினால் முழுக்கப் பின்னால் இழுத்ததும் நின்றுவிடும். ரிவர்ஸுக்கு என்று தனியாக ஒரு டாகிள் (ஒருமுறை அழுத்தினால் மாறும், மறுபடி அழுத்தினால் திரும்பும்) இருக்கிறது, அதை மட்டும் இன்றைக்கே ஒரு பட்டனில் போட்டுவிடுங்கள். தள்ளும் திசை தலைகீழாக இருந்தால் இன்வர்ட் செய்தால் போதும்.

பின்னிரவுப்_பறவை

தூசுவால் சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் யாவை ட்விஸ்டில் வைப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரே கையில் மூன்று ஆக்சிஸ் என்றால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும், குறி வைக்கும் நேரத்தில்தான் அது தெரியும். த்ராட்டிலில் விரல்கள் படுமிடத்தில் பேடில் சும்மா இருக்கிறதே, யாவை அங்கே போட்டுப் பாருங்கள். இடது கை விரல் நுனியால் லேசாக அழுத்தினால் மூக்கு மயிரிழை நகரும், வலது கை குறியைக் கெடுக்காமல் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு ஸ்டிக்கின் ட்விஸ்டைப் பூட்டியும் விடலாம்.

இன்னொன்று, அவர் சொல்ல விட்டது. அந்தக் குட்டி ஸ்டிக்தான் இந்த த்ராட்டிலின் உயிர். அதில் பக்கவாட்டு, மேல் கீழ் த்ரஸ்டர்களை (கப்பலை அந்தந்தப் பக்கம் தள்ளும் சிறு இன்ஜின்களை) போடுங்கள். கீபோர்டில் த்ரஸ்டர் என்பது அழுத்தினால் முழு வேகம், விட்டால் ஒன்றுமில்லை. இங்கே எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவு. விமானம் ஓட்டும் கேமுக்கும் விண்வெளி கேமுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான்: இங்கே கப்பல் மூக்கு பார்க்கும் திசையில் மட்டும் போக வேண்டியதில்லை. கப்பலைத் தானாக நிலைப்படுத்தும் ஃப்ளைட் அசிஸ்டை அணைத்துவிட்டு ஒருமுறை குட்டி ஸ்டிக்கைத் தள்ளிவிடுங்கள், விட்ட பிறகும் கப்பல் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கும், நீங்கள் மூக்கை எதிரி மேலே வைத்துக்கொண்டு அவனைச் சுற்றி வரலாம். திருப்பிய சுழற்சியும் தானாக நிற்காது, நீங்கள்தான் எதிர்ப்பக்கம் கொடுத்து நிறுத்த வேண்டும். முதலில் எல்லோரும் தடுமாறுவார்கள். ட்ரெயினிங் மிஷன்களில் வைத்துப் பழகுங்கள், அங்கே கப்பல் உடைந்தாலும் காசு போகாது. ஃப்ளைட் அசிஸ்ட் பட்டனை டாகிளாக வைக்காமல், அழுத்தியிருக்கும் வரை மட்டும் அணைகிற மாதிரி 'ஹோல்டு' வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகலாம்.

பட்டன் போட ஆரம்பிக்கும்போது ஒரு ஹேட்டை (நாலு பக்கமும் தள்ளும் குட்டி சுவிட்ச்) கப்பலின் பவரைப் பங்கிட ஒதுக்குங்கள். மேலே இன்ஜின், இடது சிஸ்டம்ஸ் (ஷீல்டு இதில்தான்), வலது ஆயுதம், கீழே சமம். கீபோர்டின் அம்புக்குறிகளும் அதே அமைப்புதான், புதிதாக மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. சண்டையில் ஷீல்டு அடிவாங்கும்போது கண்ணை எடுக்காமல் பவரை மாற்ற முடிவது பெரிய விஷயம்.

நடுப்பகுதியில் ஸ்டிக் ரொம்பத் துடிப்பாக இருப்பதாகத் தோன்றினால், கேமுக்குள் கர்வ் (எவ்வளவு அசைத்தால் எவ்வளவு திரும்பும் என்ற கணக்கு) மாற்ற வழியில்லை. அதற்கு டார்கெட்டோ ஜாய்ஸ்டிக் க்ரெம்லின் என்ற மென்பொருளோ வேண்டும். ஆனால் அவசரப்பட வேண்டாம், பாதிப் பேருக்கு அது தேவையே படாது.

கடைசிச்_சொட்டு_எரிபொருள்

மேலே இரண்டு பேரும் ஓட்டுவதைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் மற்ற வேலைகளைச் சொல்கிறேன். பைண்டிங் போட்டு முடித்ததும் முதல் வேலையாக அந்தக் கோப்பை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். லோக்கல் ஆப் டேட்டாவுக்குள் ஃப்ரான்டியர் டெவலப்மென்ட்ஸ், அதற்குள் எலீட் டேஞ்சரஸ், ஆப்ஷன்ஸ், பைண்டிங்ஸ் என்று போனால் 'கஸ்டம்' என்று தொடங்கும் கோப்பு இருக்கும். எதற்கு என்றால், கேம் துவங்கும்போது ஏதாவது ஒரு சாதனம் இல்லையென்றால் உங்கள் திட்டத்தை ஏற்றாமல் இயல்பான திட்டத்துக்குப் போய்விடும். கோப்பு அப்படியேதான் இருக்கும், சாதனத்தைச் செருகி மறுபடி துவக்கி கஸ்டமைத் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும். ஆனால் அது தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து ஒரு பட்டனை மாற்றினால் பழைய கோப்பு மேலேயே புதியது எழுதப்படும், அத்தனை உழைப்பும் போச்சு.

இரண்டையும் மின்சாரம் இல்லாத சாதாரண ஹப்பில் செருகாமல் நேராக மதர்போர்டு போர்ட்டில் செருகுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் அணைத்துவிடுங்கள்.

கடைசியாக மேசை உயரம். இதை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் நீண்ட நேரம் ஓட்டினால் தோள்தான் முதலில் சொல்லும். மேசை மேலே ஸ்டிக் நின்றால் முழங்கை தூக்கியபடியே இருக்கும். நாற்காலியை உயர்த்துங்கள், முடிந்தால் மேசை விளிம்புக்குக் கீழே ஒரு பலகையை க்ளாம்ப் போட்டு அதில் வையுங்கள். முன்கை தரைக்கு இணையாக இருந்தால் சரி. த்ராட்டில் வழுக்கினால் அடியில் ரப்பர் மேட் ஒன்று போதும். ஸ்லைடு இறுக்கமாகவோ தளர்வாகவோ தோன்றினால் அடிப்பக்கம் இருக்கும் திருகைச் சரிசெய்யலாம்.

வெண்குறுமீன்

அனைவருக்கும் ரொம்ப நன்றி. ஃபார்வர்ட் ஒன்லி மாற்றிவிட்டேன், யாவைப் பேடிலில் போட்டுவிட்டேன், குட்டி ஸ்டிக்கில் த்ரஸ்டர். உருண்டு இழுப்பது இப்போதே கொஞ்சம் பிடிபடுகிறது, எதிரிகளைத் துரத்துவது வேறு மாதிரி இருக்கிறது! ஆனால் ஸ்டேஷனுக்குள் போய் இறங்குவதுதான் இன்னும் கஷ்டம். வாசலில் நேராக நுழைய முடிந்தாலும் இறங்கும் மேடையான பேட் மேலே வந்தபின் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறேன். இதற்குத் தனி செட்டிங் ஏதாவது உண்டா?

தூசுவால்

உண்டு, பலர் பார்க்காமலே கடந்துபோகிற பகுதி அது. கன்ட்ரோல்ஸில் 'லேண்டிங் ஓவர்ரைட்ஸ்' என்று தனியாக இருக்கும். லேண்டிங் கியர் (கப்பல் தரையில் நிற்பதற்கான கால்கள்) இறங்கியிருக்கும்போது மட்டும் அங்கே போட்ட பைண்டிங்குகள் வேலை செய்யும். அதனால் அங்கே ஸ்டிக்கின் இடம் வலத்தை யாவுக்கு மாற்றிவிடலாம், இறங்கும்போது உருள வேண்டிய தேவை அவ்வளவு இல்லை. குட்டி ஸ்டிக்கின் முன் பின்னை முன் பின் த்ரஸ்டருக்குக் கொடுங்கள். மேலே கீழே போக ஒரு ஹேட்.

பிறகு இப்படி ஓட்டிப் பாருங்கள். 7.5 கிலோமீட்டருக்குள் வந்ததும் டாக்கிங் (ஸ்டேஷனில் இறங்கும்) அனுமதி கேளுங்கள். வாசலில் பச்சை விளக்கு உங்கள் வலது பக்கம் இருக்க வேண்டும், வேகம் விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, அதற்கு மேல் போய் யாரையாவது மோதினால் தண்டனைதான். ரொட்டேஷனல் கரெக்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள், ஸ்டேஷன் சுற்றுகிற வேகத்துக்கு அது உங்களையும் சேர்த்துச் சுழற்றும். உள்ளே போனதும் உடனே கியரை இறக்குங்கள். கியர் இறங்கினாலே கப்பலின் வேகம் குறைந்து அசைவுகள் மென்மையாகும். பேடுக்கு வந்துசேர்ந்ததும் த்ராட்டிலை முழுக்கப் பின்னால் இழுத்துவிட்டு அதைத் தொடவே தொடாதீர்கள். நீங்கள் ஆடுவது பெரும்பாலும் த்ராட்டிலால் முன்னே பின்னே போவதால்தான். அங்கிருந்து எல்லாமே குட்டி ஸ்டிக்கின் வேலை, ரேடார் இருந்த இடத்தில் தெரியும் பேடின் படத்தைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். நடுவுக்கு வந்ததும் மெதுவாகக் கீழே.

கப்பலைத் தானாக இறக்கும் டாக்கிங் கம்ப்யூட்டர் பொருத்தியிருந்தால் இதைப் பழகும் வரை அணைத்து வையுங்கள். த்ராட்டில் பூஜ்யத்துக்கு வந்தவுடன் அது ஓட்டத்தை எடுத்துக்கொள்ளும், உங்கள் கைக்கு ஒன்றும் வராது.