சிறிய வீட்டுக்கு விறகுக் கணப்பு: எத்தனை கிலோவாட் போதும்?

குளிர் நாட்டுக்குக் குடிவந்து முதல் குளிர்காலத்தைக் கடந்ததும் நம்மவர்கள் பலருக்கு வரும் ஆசை, கூடத்தில் ஒரு விறகுக் கணப்பு வைத்துவிட வேண்டும் என்பது. சமையலுக்கான விறகு அடுப்பைச் சொல்லவில்லை. இரும்புக் கூடும் கண்ணாடிக் கதவும் புகைபோக்கியும் கொண்டு, அறையைச் சூடாக்குவதற்கென்றே செய்யப்பட்டதைத்தான் கணப்பு என்று எழுதுகிறேன். ஆசையில் தவறில்லை. ஆனால் வெப்பமான ஊர்களில் வளர்ந்த நமக்குக் குளிரைப் பற்றிய அச்சம் சற்று அதிகம். அந்த அச்சத்தோடு கடைக்குப் போனால், தேவையைப் போல் இரண்டு மடங்கு பெரிய கணப்பை வாங்கிக்கொண்டு திரும்புவோம். நானும் அப்படித்தான் திரும்பினேன்.

எங்கள் வீட்டின் மொத்தப் பரப்பு 48 சதுர மீட்டர். கூடம் மட்டும் 18. விற்பனையாளர் வீடு முழுவதையும் கணக்கில் எடுத்து 8 கிலோவாட் கணப்பு வேண்டும் என்றார். கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறதே என்று தயங்கியபோது, "அதிகமானால் குறைத்து எரித்துக்கொள்ளலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பியதுதான் என் பிழை. மூட்டி நாற்பது நிமிடத்தில் கூடம் 29 பாகையைத் தொட்டது. கதவுக்கு அப்பால் படுக்கையறை 15 பாகையிலேயே இருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது சன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்தோம். பிறகு விற்பனையாளர் சொன்னபடி காற்றுத் திறப்பை மூடி, விறகைப் புகையவிட்டோம். இரண்டே வாரத்தில் கண்ணாடி கருத்தது. குளிர்காலத்தின் நடுவில் புகைபோக்கியைத் துப்புரவு செய்ய வந்தவர், உள்ளிருந்து சுரண்டி எடுத்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வழக்கமான கரித்தூளாக அது இல்லை; தார்போல் இறுகிப் பளபளத்த செதில்களாக இருந்தது. கிரியோசோட் என்று அதற்குப் பெயர். எளிதில் பற்றிக்கொள்ளக்கூடியது, புகைபோக்கிக்குள் தீப்பிடிப்பதற்கு முதன்மையான காரணம் அதுதான்.

எரிவாயு அடுப்பின் திருகைப் போல விறகுக் கணப்பைக் குறைத்து வைக்க முடியாததற்குக் காரணம் விறகு எரியும் முறையிலேயே இருக்கிறது. சூடேறும் விறகு முதலில் ஈரத்தை இழக்கிறது, அடுத்து எரியக்கூடிய வாயுக்களை வெளியிடுகிறது, மிஞ்சுவது கரி. விறகின் ஆற்றலில் பாதிக்கு மேல் அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. அவை முழுமையாக எரியக் கணப்பின் உட்புறம் ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். போதிய காற்றும் வேண்டும். காற்றை அடைத்தால் வெப்பம் தணிகிறது, வாயுக்கள் எரியாமலே புகையாக மேலேறுகின்றன, குளிர்ந்த குழாய்ச் சுவரில் கிரியோசோட்டாகப் படிகின்றன. ஆக, குறைத்து எரிப்பவர் விறகின் ஆற்றலில் ஒரு பகுதியைப் புகைபோக்கியில் அப்பி வைக்கிறார். அக்கம்பக்கத்தார் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள்.

விறகின் எடையைக் கொண்டு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழான ஒரு கிலோ விறகில் சுமார் 4 கிலோவாட்-மணி ஆற்றல் உண்டு; 75 சதவீதச் செயல்திறனுள்ள கணப்பு அதில் 3 கிலோவாட்-மணியை அறைக்குத் தரும். 8 கிலோவாட் தருவதற்கு மணிக்கு 2.7 கிலோ விறகு வேண்டும். அவ்வளவு எரிவதற்கு ஏற்பத்தான் அதன் நெருப்பறையும் வடிவமைக்கப்பட்டிருக்கும். என் கூடத்துக்குத் தேவைப்பட்டதோ மணிக்கு ஒரு கிலோதான். பெரிய நெருப்பறையின் நடுவில் தனியே கிடக்கும் ஒரு கட்டையால் அந்த அறையைச் சூடேற்ற முடியாது. கொழுந்துவிடாமல் புகைந்துகொண்டே இருக்கும்.

சரி, எவ்வளவு வேண்டும்? பரவலாகப் பயன்படும் கைக்கணக்கு ஒன்று உண்டு. அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கிக் கன அளவை எடுத்து, அதை 14-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். ஓரளவு வெப்பக்காப்பு உள்ள அறைக்கு இது பொருந்தும்; காற்று புகும் பழைய வீடானால் 10-ஆல், நன்றாகக் காப்பிட்ட புதிய வீடானால் 20-ஆலோ அதற்கும் மேலான எண்ணாலோ வகுக்க வேண்டும். என் கூடம் 4.5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். கன அளவு 43. பதினான்கால் வகுத்தால் 3.1 கிலோவாட், பத்தால் வகுத்தாலும் 4.3. விற்பனையாளர் முழு வீட்டின் 115 கன மீட்டரை வகுத்துத்தான் 8-ஐ எட்டியிருக்கிறார். சுவர்களும் கதவுகளும் இல்லாத திறந்த வீடாக இருந்திருந்தால் அது ஓரளவுக்காவது பொருந்தியிருக்கும். கணப்பின் சூடு ஒடுங்கிய நடையைத் தாண்டி, மூலை திரும்பி, படுக்கையறைக்குள் தானாகப் போய்ச் சேராது. ஆகவே கணப்பு இருக்கும் அறையையும், அதனோடு அகலமாகத் திறந்திருக்கும் இடங்களையும் மட்டும் அளவெடுங்கள்.

இந்தக் கைக்கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. அறை வெப்பத்தை இழப்பது சுவர், சன்னல், கூரை, இடுக்குகள் வழியாக; இது எண்ணுவதோ உள்ளிருக்கும் காற்றை. ஒரே கன அளவுள்ள இரண்டு அறைகளில், மூன்று புறமும் வெளிச்சுவர் கொண்ட அறைக்கும், அண்டை வீடுகளுக்கு இடையில் அமைந்த அறைக்கும் தேவை வெகுவாக மாறுபடும். அதனால் நான் அதிகம் நம்புவது மின்கட்டணச் சீட்டை. வீட்டை இப்போது சாதாரண மின் சூடேற்றிகளால் சூடாக்குகிறீர்கள் என்றால், கடுங்குளிர் மாதத்தின் யூனிட்டுகளிலிருந்து கோடை மாதத்தின் யூனிட்டுகளைக் கழியுங்கள். மிச்சம் ஏறக்குறைய வீட்டைச் சூடாக்கச் செலவானது. எங்களுக்கு அது 1,450 யூனிட், அதாவது 1,450 கிலோவாட்-மணி. 31 நாளுக்கு 744 மணி நேரம். வகுத்தால் 2 கிலோவாட்டுக்கும் சற்றுக் குறைவு. வீடு முழுவதும், இரவும் பகலும், ஆண்டின் மிகக் குளிரான மாதத்தில் கேட்ட சராசரி அவ்வளவுதான். இந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு முதலிலேயே கடைக்குப் போயிருந்தால் 8 கிலோவாட் என்ற பேச்சே எழுந்திருக்காது. எரிவாயுக் கொதிகலன் உள்ள வீட்டில் அதன் இழப்பையும் கழித்துக்கொள்ள வேண்டும். வெளியிலுள்ள வெப்பத்தை இழுத்து உள்ளே தரும் வெப்ப ஏற்றி (heat pump) உள்ள வீட்டுக்கு இந்தக் கழித்தல் அப்படியே செல்லாது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அது பல யூனிட் வெப்பத்தைத் தரும்.

சராசரி 2 கிலோவாட் என்பதற்காக 2 கிலோவாட் கணப்பைத் தேட வேண்டியதில்லை. கணப்பு நாள் முழுவதும் எரிவதில்லை. மாலையில் ஐந்தாறு மணி நேரம் நன்றாக எரிந்தால் சுவரும் தரையும் சூட்டை வாங்கிவைத்துக்கொண்டு இரவில் மெல்லத் திருப்பித் தரும். 18 முதல் 25 சதுர மீட்டர் வரையிலான அறைக்கு 4 கிலோவாட்டை ஒட்டியது பெரும்பாலும் போதும். ஆண்டில் நான்கைந்து நாள் மட்டும் வரும் உறைகுளிருக்காகப் பெரிதாக வாங்காமல், அந்த நாள்களில் மின் சூடேற்றியைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிகவும் சிறியதை வாங்குவதும் தவறே: போதாத கணப்பில் விறகைத் திணித்து, காற்றை முழுவதும் திறந்து ஓயாமல் எரித்தால் உள் தகடுகள் வளைந்துவிடும், வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

விளம்பரத் தாளை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். ஐரோப்பாவில் கிலோவாட்டிலும் வட அமெரிக்காவில் மணிக்கு இத்தனை பி.டி.யு. (பிரித்தானிய வெப்ப அலகு) என்றும் குறிப்பிடுவார்கள், 1 கிலோவாட் என்பது மணிக்கு 3,412 பி.டி.யு. நாற்பதாயிரம் பி.டி.யு. என்று பெருமையாக அச்சிட்டிருந்தால் அது ஏறக்குறைய 11.7 கிலோவாட் என்று உடனே மாற்றிப் பாருங்கள். உச்ச அளவை விட்டுவிட்டு, சோதனையில் அளந்த இயல்பு அளவையும், புகையாமல் எரியக்கூடிய மிகக் குறைந்த அளவையும் கேளுங்கள். இந்தக் கடைசி எண்ணைக் கேட்டால் சில விற்பனையாளர்கள் விழிப்பார்கள்; சிறிய வீட்டுக்காரருக்கு மிகவும் வேண்டிய எண் அதுதான்.

சிறிய கணப்பின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெருப்பறை சிறிதென்பதால் 25 சென்டிமீட்டர் நீளக் கட்டைகளே உள்ளே போகும். விற்கப்படும் விறகு அதைவிட நீளமாக இருந்தால் ஒவ்வொன்றையும் அறுக்க வேண்டியிருக்கும், ஆகவே கணப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் விறகின் நீளத்தை விசாரியுங்கள். மணிக்கு ஒருமுறை விறகு போட வேண்டும். காலை வரை தணல் நிற்காது. விடிய விடிய இளஞ்சூடு வேண்டுவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. மாக்கல் போர்த்திய கணப்பு மெதுவாகச் சூடேறி, நெருப்பு அணைந்த பிறகும் பல மணி நேரம் வெப்பத்தை விடும்; எடை மிகுதி என்பதால் தரை தாங்குமா என்று பார்க்க வேண்டும். வினையூக்கி பொருத்திய கணப்பில் புகையின் வாயுக்கள் சுமார் 260 பாகையிலேயே எரியத் தொடங்குவதால், அதை மட்டும் ஓரளவு குறைத்து எரிக்கலாம்.

சிறிய அறையில் கிலோவாட்டைவிட இடமே சில சமயம் முடிவைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு கணப்புக்கும் மரச்சுவர், திரைச்சீலை, சோபா போன்றவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும். இரண்டாவது முறை வாங்கும்போது அந்த அளவுகளைத் தரையில் ஒட்டுநாடாவால் வரைந்து பார்த்தேன். கணப்பின் அடிப்பாகம் அரை மீட்டருக்கும் குறைவு, வெறுமையாக விட வேண்டிய இடமோ கூடத்தின் கால் பங்கைத் தின்றது. இரட்டைச் சுவர் வைத்து, காற்றைச் சூடாக்கி மேலே அனுப்பும் வகைக்கு இடைவெளி குறைவாகப் போதும் என்று தெரிந்ததும் அதையே எடுத்தேன்.

காற்றும் அப்படியே. ஒரு கிலோ விறகு எரியக் கோட்பாட்டளவிலேயே சுமார் 4 கன மீட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் அதற்கு இரு மடங்குக்கும் மேல் இழுக்கும். இடுக்கில்லாமல் அடைத்த புதிய வீட்டில், சமையலறைப் புகையுறிஞ்சி ஓடும்போது புகைபோக்கியின் இழுவை தலைகீழாகி, புகை அறைக்குள் திரும்பக்கூடும். வெளிக்காற்றை நேரே கணப்புக்குள் கொண்டுவரும் குழாய் பொருத்தக்கூடிய வகையை அத்தகைய வீட்டார் தேடுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி எந்த வீட்டிலும் கட்டாயம்.

வாடகை வீடானால் உரிமையாளரின் எழுத்துவழி இசைவு, சொந்த வீடானால் உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி, இரண்டிலும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல்: இவற்றைப் பணம் கட்டுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பொருத்துவதைத் தகுதிச் சான்று பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். முதல் இரண்டு மூன்று முறை சுள்ளிகளைக் கொண்டு சிறிதாக மட்டும் மூட்டுங்கள். புதுக் கணப்பின் பூச்சு சூட்டில் இறுகும்போது கடும் வாடை கிளம்பும், புகை எச்சரிக்கை மணிகூட அலறலாம், அன்றைக்கு மட்டும் சன்னலைத் திறந்து வைத்திருப்பதே சரி.