எல்சிடி மெதுவாக மாறுகிறதா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

நிலாசர்க்யூட்:
ஐஸ்கிரீம் குடோனுக்கு வெப்பநிலை காட்டும் போர்டு. வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும் சாதாரண 16×2 எல்சிடி, எச்டி44780 கன்ட்ரோலர் சிப் வகைதான், மேசையில் பளிச்சென்று ஓடியது. மைனஸ் 18-ல் உள்ளே மாட்டியதும், 18 போய் 17 வரும்போது அந்த 8 அணையாமல் நிழலாக நிற்கிறது, அதற்குள்ளேயே 7-ம் தெரிகிறது. "தம்பி, இது 18-ஆ 17-ஆ?" என்று குடோன்காரர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கோடில் (புரோகிராமில்) எதைத் தொட்டும் பலன் இல்லை. குளிரில் திரவப் படிகம் கெட்டிப்படும், சாதாரண டிஸ்ப்ளேக்கு 0 முதல் 50 டிகிரி வரைதான். டிஸ்ப்ளேயைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்து சென்சாரை மட்டும் உள்ளே விட்டோம், சரியாகிவிட்டது.

பழையரிலே:
குளிர் எல்லாம் அபூர்வம் சார், பெரும்பாலும் கோடுதான் காரணம். ஒரு மாணவர் கொண்டுவந்த போர்டில் எழுத்து மினுக்கிக்கொண்டே இருந்தது, திறந்து பார்த்தால் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பின் முதல் வரியே திரையை முழுதாக அழிக்கும் கிளியர். கிளியருக்கு மட்டும் 1.52 மில்லிசெகண்ட், ஒரு எழுத்துக்கோ சுமார் 40 மைக்ரோசெகண்ட்தான், அதாவது ஒரு கிளியர் ஆகும் நேரத்தில் 32 எழுத்தையும் எழுதி முடித்துவிடலாம். அதனால் கிளியரை, தொடக்கத்தில் மட்டும் ஓடும் செட்டப் பகுதியில் ஒருமுறை போடுங்கள், அப்புறம் கர்சரை வைத்து மாறிய இலக்கத்தை மட்டும் எழுதுங்கள், 100 போய் 99 வந்தால் கடைசி 0 ஒட்டிக்கொண்டு 990 என்று நிற்கும், அங்கே ஒரு ஸ்பேஸ் சேருங்கள். பின்னால், இரண்டே சிக்னல் கம்பியில் (ஐ2சி) டிஸ்ப்ளேயை இயக்கும் பிசிஎஃப்8574 போர்டு ஒட்டியிருந்தால் இன்னும் கவனம் தேவை. 100 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு பாதியாக, ஒவ்வொரு பாதிக்கும் 'எடுத்துக்கொள்' என்று சொல்லும் எனேபிள் சிக்னல் ஏறி இறங்கிப் போவதால் ஒரு எழுத்துக்கே ஒரு மில்லிசெகண்டைத் தாண்டும். எழுதவா படிக்கவா என்று சொல்லும் ஆர்டபிள்யூ பின்னை கிரவுண்டில் கட்டிவிட்டால், டிஸ்ப்ளே வேலையில் இருக்கிறதா என்று காட்டும் பிஸி ஃபிளாகைப் படிக்கவும் வழியில்லை, லைப்ரரி கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கும்.

தண்ணீர்த்தொட்டி:
பழையரிலே அண்ணா சொல்வது மினுக்கலுக்குச் சரி, ஆனால் பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்து மெனு மாறுவதற்கு 2 மில்லிசெகண்ட் எப்படிக் காரணமாகும்? சோலார் வாட்டர் ஹீட்டர் கன்ட்ரோலர் ஒன்று வந்தது. வீட்டுப் பெரியவர் அழுத்துவார், ஒன்றும் நடக்காது, மறுபடி அழுத்துவார், மெனு இரண்டு தாண்டிப் போய் நிற்கும். புது எல்சிடி மாற்றியும் அதே கதை. கடைசியில் பார்த்தால் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார். 12 பிட் நுணுக்கத்தில் ஒரு அளவுக்கு 750 மில்லிசெகண்ட் வரை ஆகும், அதுவரை கோட் அங்கேயே நிற்கிறது, இரண்டு சென்சாரை அடுத்தடுத்துப் படித்ததால் ஒன்றரை நொடி. அளக்கச் சொல்லிவிட்டு வேறு வேலை பார்த்து, அப்புறம் வந்து படிக்கும்படி மாற்றினேன், பட்டன் தொட்டவுடன் கேட்டது. எல்சிடியை மாற்றும் முன் லூப்பில் ஒரு எல்ஈடியை மினுக்கிப் பாருங்கள், அதுவும் தாமதித்தால் டிஸ்ப்ளே மேல் பழி இல்லை.

எட்டுமெகா:
என்னிடம் வந்தது வேறு. புது ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர், தனி சிப். எழுத்துகள் எறும்பு வரிசை மாதிரி ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன. கோட் 8 மெகாஹெர்ட்ஸுக்கு எழுதியது, சிப்போ, ஓடும் வேகத்தை முடிவு செய்யும் உள் அமைப்பான ஃபியூஸை மாற்றாததால் எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, எழுத்துக்கு 5 மில்லிசெகண்ட் என்று போட்ட டிலே 40 ஆகிவிட்டது. ஃபியூஸை மாற்றியதும் ஒரே வீச்சில் வந்தது.
நிலாசர்க்யூட், உள்ளே இருந்தபோது எழுத்தின் அடர்த்தியை மாற்றும் கான்ட்ராஸ்ட் திருகைத் திருப்பிப் பார்த்தீர்களா? குளிரில் எழுத்தும் மங்கியிருக்குமே.