புதுப்பிப்பு: சரித்திர நாவல் தாண்டி எதைப் படிக்கலாம்னு கேட்டிருந்தேனே

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. கல்கி, சாண்டில்யன் தவிர எதுவும் ஓடலை, க்ரைம், பேய்க்கதை, சயின்ஸ் ஃபிக்‌ஷன்னு எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டிருந்தேன்.

ஒர்க் அவுட் ஆனது ஒரே ஐடியாதான், "டாப் டென் லிஸ்ட் எல்லாம் பாக்காதீங்க, பல வகையும் எழுதின ஒரே ஆளைப் புடிச்சுட்டுப் போங்க"ன்னு ஒருத்தர் சொன்னது. அப்படிப் பாத்தா சுஜாதாதான். முதல்ல நைலான் கயிறு, அவரோட துப்பறியும் வக்கீல் கணேஷ் அறிமுகமாகுற கதை, க்ரைம் எனக்குப் புடிக்கும்னு அப்பதான் தெரிஞ்சுது. அப்புறம் என் இனிய இயந்திரா, ஜீனோங்கிற ரோபோ நாய்க்காகவே படிக்கலாம், முடிச்ச கையோட மீண்டும் ஜீனோவும் எடுத்துட்டேன்.

எதிர்பாக்காதது கொலையுதிர் காலம். துப்பறியும் கதைன்னு நினைச்சு எடுத்தா பாதி பேய்க்கதை, கணேஷ் விஞ்ஞானத்துல விளக்கம் தேடுறார், அவரோட ஜூனியர் வசந்த் பேய்ப் பக்கம் சாயுறான், நைட்டு தனியா படிக்காதீங்க அவ்ளோதான் சொல்வேன். அதுலேர்ந்து அப்படியே இந்திரா சௌந்தர்ராஜன் பக்கம் போயாச்சு, விட்டுவிடு கருப்பா (டிவில விடாது கருப்புன்னு வந்ததே, அதோட மூலம்) இப்ப பாதில இருக்கு.

காதல், குடும்பக் கதை எழுதுற ரமணிசந்திரனைச் சொன்னவங்க மன்னிக்கணும், எனக்கு செட் ஆகலை, அம்மா எடுத்துட்டுப் போய்ட்டாங்க, திரும்பி வராது.

பின்னாடி தேடி வர்றவங்களுக்கு: கல்கி நாட்டுடைமை ஆனதால மதுரைத் திட்டத்துல (தமிழ் மின்நூல் தளம்) ஃப்ரீயா கிடைக்கும். பழைய மாத நாவல்கள் வேணும்னா பழைய புத்தகக் கடைதான், ராஜேஷ்குமாரோட க்ரைம் நாவல்கள் கட்டுக்கட்டா கிடைக்கும்.