ஜாஸ் குழு அறிமுகம்: சிரிக்கவும் வைக்கணும், தாளமும் விடக்கூடாது

வைத்திக்குப்பம்:
ஜூன் 21, ஃபெத் த லா மியூசிக் என்கிற பிரெஞ்சு இசை விழாவுக்குப் புதுச்சேரியில் திறந்தவெளி மேடை. ஐந்து பேர்: டபுள் பேஸ் (ஆளுயரத் தந்தி வாத்தியம்), கீபோர்டு, டெனர் சாக்ஸ் (சாக்ஸபோன்), டிரம்ஸ், பாடகி. கூட்டத்தில் தமிழும் இருக்கும், பிரெஞ்சும் இருக்கும். ஆட்களை நகைச்சுவையாக அறிமுகப்படுத்தணும். மைக் சாக்ஸ்காரர் கையில். எப்போ, எவ்வளவு நேரம், யாருக்கு அப்புறம் யார்?

நாலுகம்பி:
ஆரம்பத்திலேயே வேண்டாம். வாசிப்பைக் கேட்காதவனுக்கு வாசிப்பவரைப் பற்றிய ஜோக் புரியாது. கடைசிப் பாட்டுக்கு முந்தியதில், நாலு பார் (தாளச் சுற்று) வேம்ப், அதாவது சின்னப் பின்னணி வாசிப்பு ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டு, அதன் மேல் பேசுங்க.

கணக்கு: வேகம் நிமிஷத்துக்கு 120 தட்டு, நாலு எண்ணிக்கை பார் என்றால் ஒரு பார் 2 வினாடி. ஆளுக்கு 8 பார், அதாவது 16 வினாடி. சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் 2 பார் விட்டால் பேச 12 வினாடிதான். மேடை நிதானத்தில் இருபது வார்த்தையைத் தாண்டாதீங்க. பெயர் சொன்னதும் அவர் இன்னொரு 4 பார் தனியா வாசிக்கட்டும். ஐந்து பேருக்கும் சேர்த்து இரண்டு நிமிஷம் ஆகிடும்; அதுக்கு மேல் இழுத்தா கூட்டம் ஐஸ்கிரீம் வண்டியைப் பார்க்கும்.

வேம்ப் ஓடும்போது டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டு, மெதுவா ஒலிக்கிற கம்பி பிரஷ் எடுக்கணும். இல்லேன்னா ரைடு சிம்பல் (டிரம்ஸின் பெரிய உலோகத் தட்டு) உங்க ஜோக்கைத் தின்னுடும்.

வரிசையில் முதலில் பேஸ், கடைசியில் டிரம்ஸ். டிரம்ஸ் அடித்து ஓய்ந்த காதில் பேஸ் ஏறாது. இன்னொரு லாபம்: டிரம்ஸின் அந்த நாலு பாரே பாட்டுக்குத் திரும்பும் வாசலாகிடும். பேஸ்காரர் முறை வரும்போது அவர் வேம்பை நிறுத்தக் கூடாது, மத்தவங்கதான் நிறுத்தணும். இதை ஒத்திகையில் பழகாம விட்டா எல்லாரும் ஒண்ணா நின்னு மேடையே மௌனமாகிடும்.

தவில்பிரியன்:
எல்லாரும் செய்கிற தப்பு, பெயரை முதலில் சொல்வது. பெயர் கேட்டதும் கைதட்டல் எழும்பி, பின்னால் வரும் ஜோக் அதில் முங்கிப் போகும். தமிழுக்கு இதில் ஒரு வசதி உண்டு: அடைமொழியை எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கிக்கொண்டே போய் ஆளைக் கடைசியில் நிறுத்தலாம்.

பேஸ்: "ஆட்டோக்காரர் பார்த்ததும் வண்டியைத் திருப்புகிற வாத்தியத்தை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நெரிசலில் ஒரு கடையும் சாயாமல் கொண்டுவந்து சேர்த்த..." பெயர்.

சாக்ஸ்: "பித்தளையில் பிறந்தும் மரக்குழல் ரேஷன் கார்டிலேயே பெயர் இருக்கிற வாத்தியத்தை ஊதும்..." பெயர். (உண்மைதான், நாணல் ரீடு இருப்பதால் அந்தக் குடும்பம்.) சாக்ஸில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்தைக் கேட்டு வளர்ந்த கூட்டம், "கல்யாணி கேட்காதீங்க, வாசிச்சிடுவார்" என்றாலும் எடுபடும்.

டிரம்ஸ்: "தனி ஆவர்த்தனத்தில் கேன்டீனுக்குக் கிளம்புகிறவர்களை முகம் முகமாகக் குறித்து வைத்திருக்கும்..." பெயர்.

பிரெஞ்சுக்காரர்களுக்குச் சிலேடையை மொழிபெயர்க்காதீங்க, செத்துப்போகும். பெயருக்கு முன் "ஆ லா பத்தரி" (டிரம்ஸில்), "ஆ லா கோந்த்ரபாஸ்" (டபுள் பேஸில்) என்று வாத்தியத்தை மட்டும் சொன்னால் போதும். அவர்களுக்கான சிரிப்பு சத்தத்தில் வரட்டும்: "இவர் ரொம்ப அமைதியானவர்" என்று சொல்லி முடிக்கவும் டிரம்ஸில் ஒரு பேரிடி.

உருவம், நிறம், வயது பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பாண்டி என்றாலே சரக்கு என்கிற ஜோக்கும் வேண்டாம். அது காலி பாட்டில்.

வைத்திக்குப்பம்:
அருமைங்க. சாக்ஸ்காரரே தன்னை அறிமுகப்படுத்திக்கிறதா? 88 கட்டை கேட்டோம், வாடகைக்கு 61 கட்டை கீபோர்டுதான் கிடைச்சிருக்கு, அதைச் சொல்லலாமா?

நாலுகம்பி:
தன்னைத் தானே புகழ்ந்தா சிரிப்பு வராது. அவர் முறைக்கு மைக் பாடகி கைக்குப் போகட்டும். பாடகியை சாக்ஸ்காரர் டிரம்ஸுக்கு முன்னாடி சொல்லிடலாம். சாக்ஸ்காரர் இரண்டு நிமிஷம் பேசினா கடல்காற்றில் ரீடு காய்ஞ்சு, முதல் ஊதலே கீச்சுன்னு வரும். பேசும்போது மௌத்பீஸுக்கு மூடி போடட்டும், ஊதுறதுக்கு முன்னாடி ரீடை நாக்கால் நனைக்கட்டும்.

61 கட்டையைத் தாராளமா சொல்லுங்க: "மீதி 27 கட்டையைக் கற்பனையில் வாசிக்கும்..." பெயர். அவரும் பெயருக்கு அப்புறம் கீபோர்டு முடியுற இடத்தைத் தாண்டி காற்றிலேயே இரண்டு தட்டு தட்டட்டும். அதுக்கு எந்த மொழியும் வேண்டாம்.