மறு: டிஎம்இசட்-க்குத் தமிழ்ச்சொல்: திண்ணையை நான் விடுவதாயில்லை

அன்பர்களுக்கு வணக்கம். இணையத்துக்கும் அலுவலகத்தின் உள் கணினிகளுக்கும் நடுவே, வெளியார் தொடுவதற்கென்று வலையமைப்பில் ஒதுக்கும் பகுதிதான் டிஎம்இசட் (demilitarized zone). அதற்குத் ‘திண்ணை’ என்பது என் முன்மொழிவு.

கடலூர் நண்பர் நேற்று எழுதியது:

> ‘படைநீக்க வலயம்’ நேரான பெயர்ப்புதானே? எல்லாருக்கும் பொருள் விளங்குகிறது.

ஐயா, விளங்குவதில்தான் வம்பே. 1953 போர்நிறுத்தத்தில் கொரியாவுக்கு நடுவே விட்ட பட்டை 4 கி.மீ. அகலம், நினைத்தவர் நினைத்தபடி அதற்குள் போய்வர முடியாது. நம் வலையமைப்பில் அதே பெயரில் இருக்கும் இடமோ, ஊரார் வந்துபோகட்டும் என்றே ஒதுக்கியது. மூலத்திலேயே ஒட்டாத உவமையை இங்கே கொண்டுவந்து இறக்குவானேன்?

புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கம் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தெருவை ஒட்டித் தாழ்வாரம், வெயிலுக்கு யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். அடுத்தது திண்ணை, வீட்டைத் தேடி வந்தவருக்கு. கதவு அதற்கப்புறம்தான். திண்ணை வீட்டுக்காரருடையது, ஆனால் அங்கே உட்கார்ந்ததாலேயே அடுக்களை வரை போய்விட முடியாது. வெளியாருக்கான படிவம் இருக்கவேண்டிய இடம் அச்சு அசலாக இதுவே.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பப் படிவம் செய்துகொடுத்தபோது, உள்ளே இருந்த தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை வெளி வழங்கியிலேயே (வெளியார் தொடும் சர்வரிலேயே) எழுதிவைத்தேன். அதுவும் படிக்க, எழுத, அழிக்க எல்லா உரிமையும் உள்ள கணக்கு. பெயர்க் கட்டத்தில் யாரோ ஒற்றை மேற்கோள்குறியோடு ஒரு வரியைத் தட்டினார். தட்டியதை நான் அப்படியே வினவலில் (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையில்) ஒட்டியிருந்ததால், அதுவும் கட்டளையாகிப் பட்டியல் முழுக்கத் திரையில் கொட்டியது. திண்ணையில் சாவிக்கொத்தை மாட்டிவைத்தவன் நான்; வந்தவரைச் சொல்லி என்ன?

இப்போது படிவம் திண்ணை வழங்கியில் இருக்கிறது. நிரப்பியதைப் பொதுச்சாவியால் (பூட்ட மட்டுமே உதவும், திறக்க உதவாது) பூட்டி அங்கேயே ஓர் ‘உண்டியலில்’ போடும் (இந்தச் சொல்லையும் நம் கலைச்சொற்பட்டியலில் சேர்க்கலாம்). திறக்கும் சாவி உள்ளே. உள் வழங்கி 5 நிமிடத்துக்கொருமுறை தானே வெளியே வந்து அள்ளிக்கொண்டு, அங்கிருப்பதை அழித்துவிட்டுப் போகும். திண்ணையிலிருந்து உள்ளே கூப்பிட வழியே கிடையாது. உள்ளரண் (வீட்டுப்பக்கம் நிற்கும் ஃபயர்வால்) அதை மறித்துவிடும். அள்ளி வந்ததையும் அப்படியே நம்பக்கூடாது. வினவலில் ஒட்டாமல், வெறும் மதிப்பாக எடுத்துக்கொள்ளும்படி மாறியாகத் தனியே அனுப்பவேண்டும். ‘படைநீக்க வலயம்’ என்னும்போது இந்தப் போக்குவரத்தின் திசை யாருக்காவது தோன்றுமா? ‘திண்ணை’ என்றால், வீட்டுக்காரர்தான் எழுந்து வெளியே வரவேண்டும் என்று சொல்லாமலே தெரிகிறது.

> உடனுக்குடன் பதில் கேட்டால்?

ஒப்புகை எண்ணைத் திண்ணையிலேயே கொடுத்துவிடலாம். உள்ளே கேட்டே ஆகவேண்டுமென்றால் ஒரே வாயில் (போர்ட்), ஒரே வகைக் கேள்வி. கதவில் சின்னத் துளைதான், கதவையே கழற்றுவதில்லை.

> திண்ணை என்றதும் வெட்டிப்பேச்சுதான் நினைவுக்கு வருகிறது.

வரட்டுமே. மழை நினைவுக்கு வருகிறதென்று மேகக் கணிமையை விட்டோமா?

அதே நண்பரின் மாற்றுச்சொல் ‘குண்டெல்லை’ சுவையானது, ஒப்புக்கொள்கிறேன். 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை தங்களுடையது என்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆன கதை. ஆனால் அது பிறர் இடத்தை வளைத்த எல்லை. நாம் தேடுவது பிறருக்கு விட்டுக்கொடுத்த இடம்.

திண்ணை நன்றாகக் கிளைக்கவும் செய்கிறது: திண்ணை வழங்கி, தெருப்பக்கம் தெருவரண், வீட்டுப்பக்கம் உள்ளரண். தாழ்வாரத்தையும் எதற்காவது வைத்துக்கொள்ள ஆசைதான். இன்றைக்கு வேண்டாம், அடிக்க வருவீர்கள்.

இன்னொன்று மீதி. வெளியாரின் கேள்வியை வழங்கிக்காக வாங்கிக்கொண்டு நிற்கும் ரிவர்ஸ் பிராக்ஸியை ‘எதிர்ப்பதிலி’ என்கிறோம். எதிரிக் கட்சிக்காரர் மாதிரி ஒலிக்கிறது. ‘வாயிற்பதிலி’ சரிவருமா?

அன்புடன்,
முதலியார்பேட்டையிலிருந்து