வெங்காயத்துக்கும் கருவாட்டுக்கும் கதிர்வீச்சு: மழைக்காலச் சரக்குக்கு உதவுமா?

கேள்வி: தண்டையார்பேட்டை மளிகைக்காரர்

தண்டையார்பேட்டையில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பின்கட்டில் தகரக் கூரை போட்ட அறையில்தான் சரக்கை அடுக்குகிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நாசிக் வெங்காய மூட்டையில் பாதி முளைவிட்டும், அடியில் கிடப்பது அழுகியும் போகிறது. காசிமேட்டில் வாங்கி வைக்கும் நெத்திலிக் கருவாட்டில் வண்டு விழுகிறது. கதிர்வீச்சுக்கு உட்படுத்திய வெங்காயம் மாதக்கணக்கில் முளைக்காது என்று மண்டியில் ஒருவர் சொன்னார். அந்தச் சரக்கை நம்பி வாங்கலாமா? அதில் கதிரியக்கம் ஒட்டிக்கொண்டு வருமா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் 1: வியாசர்பாடி, உணவுத் தொழில்நுட்பம் படித்தவர்

ஐயா, வீட்டாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கதிரேற்றும் நிலையத்தில் கதிர்களைத் தரும் கதிரியக்கப் பொருளான கோபால்ட்-60 உலோகக் குழாய்களுக்குள் அடைபட்டே இருக்கும். வெங்காயம் அதைத் தொடுவதில்லை, அதிலிருந்து வரும் காமாக் கதிர்கள் மட்டுமே மூட்டையை ஊடுருவிச் செல்கின்றன. அவற்றின் ஆற்றல் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட். உணவிலுள்ள அணுக்கருக்களைக் கதிரியக்கம் உள்ளவையாக மாற்ற அது போதாது. சென்ட்ரல் நிலையத்தில் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய் வந்த பையிலிருக்கும் இட்லியை யோசிக்காமல்தானே சாப்பிடுகிறோம்? உலகச் சுகாதார நிறுவனம், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு, பன்னாட்டு அணுசக்தி முகமை ஆகிய மூன்றின் கூட்டு வல்லுநர் குழு, சராசரி 10 கிலோகிரே (உணவு உள்வாங்கும் கதிர்வீச்சின் அளவு) வரை கதிரேற்றிய உணவால் நச்சுத் தீங்கு இல்லை என்று 1980-இல் முடிவு சொன்னது. வெங்காயத்துக்குத் தருவதோ 0.1 கிலோகிரேக்கும் குறைவு.

ஆனால் முளைப்பதும் அழுகுவதும் ஒரே நோயல்ல. இந்தச் சிறு அளவு, குமிழின் நடுவிலுள்ள முளைக்கருவின் செல்கள் பெருகாதபடி செய்கிறது, அவ்வளவுதான். அழுகலுக்குக் காரணமான பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் அது அசைக்காது. அவற்றைக் கொல்லும் அளவுக்கு ஏற்றினால் வெங்காயமே கெட்டுவிடும். மேலும், அறுவடை செய்து உலர்த்திய பிறகு, குமிழின் உறக்கம் கலைவதற்குள் கதிரேற்றியாக வேண்டும். அதற்கான கிருஷக் என்னும் கதிரேற்று நிலையத்தை வெங்காயம் விளையும் நாசிக் மாவட்டத்து லாசல்கானிலேயே அமைத்ததில் அந்த நியாயம் இருக்கிறது. உங்கள் அறையில் முளைவிட்ட மூட்டைக்கு இனி எந்தக் கதிரும் பயன்படாது.

பதில் 2: காசிமேடு, கருவாட்டு வியாபாரக் குடும்பம்

அண்ணே, கருவாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். உலர்ந்த மீனுக்குக் கதிர்வீச்சை நம் நாட்டு விதிகள் அனுமதிக்கின்றன. ஒரு கிலோகிரேக்கு உட்பட்ட அளவே வண்டையும் அதன் முட்டையையும் ஒழித்துவிடும். ஆனால் மருந்தடித்தது போல அதில் எதுவும் தங்காது என்பதால், பொட்டலத்தைப் பிரித்துக் கூடையில் கொட்டி வைத்தால் மறுபடியும் வண்டு வரும். நாங்கள் கூடையில் குவித்துத்தான் விற்கிறோம். வண்டு நுழைய முடியாதபடி முதலில் அடைத்து, பிறகு கதிரேற்றினால்தான் செலவுக்குப் பலன் கிடைக்கும். மத்தி போன்ற எண்ணெய் மீனில் அளவு கூடினால் காறல் வாடை முந்திவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பதில் 3: பெரம்பூர், மாடித் தோட்டக்காரர்

ஒரு சிறு விஷயம். நாங்கள் கடையில் வாங்கும் சின்ன வெங்காயத்தைத் தொட்டியில் ஊன்றித் தாள் எடுப்பதுண்டு. கதிரேற்றியதை ஊன்றினால் ஒன்றும் வராது. அப்படிப்பட்ட வெங்காயத்தை நாள்பட வைத்து நறுக்கினால் நடுக்குருத்து பழுப்பாகியிருக்கலாம். அது அழுகல் அல்ல, செத்த முளை. பொட்டலத்தில் கதிரேற்றிய உணவுக்கென உள்ள பச்சை நிறக் குறியும் கதிரேற்றியதென்ற அறிவிப்பும் கட்டாயம். சில்லறையில் பிரித்து விற்றாலும் வாங்குபவரிடம் சொல்லிவிடுவதே முறை.

கேட்டவர்

நன்றி ஐயா, தம்பி. அழுகல் என் அறையின் குற்றம் என்று தெரிகிறது. இந்த வாரமே மூட்டைகளைத் தரையிலிருந்து பலகைமேல் ஏற்றி, பின்சுவரில் ஒரு ஜன்னல் வைக்கிறேன். நெத்திலியைக் கால் கிலோ பொட்டலமாக அடைத்துத் தருவதற்குக் காசிமேட்டில் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.